செங்காந்தள் நகருக்குச் செய்தி போட்டவர்

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில், ஊர் முடிந்த ஐந்தாறு நிமிடத்தில் இடது கைப்பக்கம் எங்கள் செங்காந்தள் நகர் வரும். ஐந்து தெருக்கள், நூற்றுச் சொச்சம் வீடுகள். சித்திரை வெயிலில் பைக்கில் போகிறவர்கள் எங்களிடம் எந்த வேலையும் இல்லாமலே வண்டியை உள்ளே விட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சற்று நின்றுவிட்டுப் போவார்கள். அவ்வளவு நிழல். அந்த மரங்களை வைத்தவர் தங்கமுத்து. நகரில் என்ன நடந்தாலும் எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான். இரண்டையும் பதினைந்து வருடம் செய்தார். நான் அவருக்கு நான்கு வீடு தள்ளி இருக்கிறேன் என்பதால் அவர் ஓய்ந்துபோனதையும் பார்க்க நேர்ந்தது.

அவருக்கு இப்போது அறுபத்தைந்து வயது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, மனுவும் கோப்புமாக முப்பத்தொரு வருடம் ஓட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். வேலையில் இருக்கும்போதே இங்கே வீடு கட்டிக் குடிவந்தார். அப்போது இது சோளத்தட்டு அறுத்த காட்டை மனை பிரித்துக் கல் நட்டுவைத்த இடம். நிற்க ஒரு மரம் கிடையாது. அவருக்கு முன்னால் குடிவந்திருந்த முகம்மது ஹனீப், நாமக்கல்லில் தேய்ந்த லாரி டயர்களுக்குப் புதுத் தடம் ஒட்டும் ரீட்ரேடிங் பட்டறை வைத்திருந்தார். இருவரும் வனத்துறை நாற்றங்காலுக்குப் போய், பட்டறைக்கு வந்த ஒரு லாரியிலேயே நூறு கன்றுகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

ஹனீப் எல்லாத் தெருவிலும் வேம்பு வைக்கலாம் என்றார். தங்கமுத்துவுக்குப் பொறுமை இல்லை. சீக்கிரம் நிழல் தருவது எது என்று நாற்றங்கால் ஆளிடம் கேட்டார்.

"தூங்குமூஞ்சி வெச்சா நாலே வருசத்துல நெழல்தானுங்க. ஆனாக் காத்துக்குத் தாங்காது, கெளை ஒடியும். ஊடு இருக்கற பக்கம் வேண்டாமுங்க" என்றாராம் அவர்.

நான்கு தெருக்களுக்கு வேம்பும் புங்கனும். அன்றைக்கு அதிகம் பேர் குடியிருந்த மூன்றாம் தெருவுக்கு மட்டும் பதினான்கு தூங்குமூஞ்சி. அலுவலகம் போவதற்கு முன்னால், விடியற்காலையில், டி.வி.எஸ். வண்டியின் இருபுறமும் குடத்தைக் கட்டிக்கொண்டு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றினார்.

செய்தி போடுவதும் அப்படித்தான், யாரும் கேட்காமல் தொடங்கியது. தண்ணீர்த் தொட்டியின் தூணில் ஒரு சதுரத்துக்குக் கறுப்புச் சாயம் அடித்து, சாக்பீஸால் எழுதுவார். தண்ணீர் எந்தத் தெருவுக்கு எப்போது, மின்தடை எத்தனை மணிவரை, கண் சிகிச்சை முகாம், தொலைந்துபோன பூனை, யார் வீட்டில் சாவு. சாவுச் செய்தியை மட்டும் போனில் கேட்டு எழுதமாட்டார். அந்த வீட்டுக்குப் போய், நின்று, பார்த்துவிட்டு வந்துதான் எழுதுவார். எல்லோர் கையிலும் போன் வந்தபின் தூணை விட்டுவிட்டு வாட்ஸாப்பில் ஒரு குழு ஆரம்பித்தார். காலை ஆறு மணிக்குள் அன்றைய செய்தி வந்துவிடும். "வணக்கம்" என்று தொடங்கி "தங்கமுத்து, இரண்டாம் தெரு" என்று முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவேலை. சாக்கடையில் அடைத்த பிளாஸ்டிக்கை எடுப்பது, களை பறிப்பது, மரத்துக்குப் பாத்தி கட்டுவது. முதல் வருடம் முப்பது பேர் வந்தோம். அவர் மனைவி சாந்தாமணி ஒரு பெரிய சட்டி நிறையச் சுக்குக் காப்பி போட்டுத் தூக்கி வருவார். பிறகு பதினைந்து பேர் ஆனது, பிறகு ஆறு. நான் விட்டது எந்த ஞாயிறு என்று எனக்கே நினைவில்லை. ஒரு வாரம் கல்யாணத்துக்குப் போனேன், அதற்குப் பிறகு போகவில்லை. கடைசி மூன்று வருடமும் தங்கமுத்துவும் ஹனீப்பும் மட்டும்தான். ஹனீப்புக்கு முட்டி தேய்ந்துவிட்டதால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பேச்சுத்துணைக்கு இருப்பார்.

மரங்கள் வளர வளரப் புகார்களும் வளர்ந்தன. இலை கொட்டுகிறது, வேர் சாக்கடைக்குள் போகிறது, காக்காய் காரின் மேல் எச்சமிடுகிறது. எல்லாம் அவருக்குத்தான் போன் வரும். "உங்க மரம்" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

"நெழல்ல நிக்கறப்ப யாரு மரமுன்னு ஒருத்தனும் கேக்கறதில்லீங்ணா" என்று ஹனீப் ஒருநாள் சொன்னார். தங்கமுத்து கொட்டிய இலையைக் கூட்டிக்கொண்டே இருந்தார்.

போன வருடம் மே மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கோடைமழைக்கு முன்னால் அந்தப் பெருங்காற்று அடித்தது. பத்து நிமிடம்கூட இருக்காது. மூன்றாம் தெருவில் இருக்கும் ரமேஷ்குமார் போன் செய்தார்.

"அண்ணா, உங்க மரம் கலையரசன் ஊட்டுக் காரு மேல உழுந்திருச்சுங்க."

தங்கமுத்து செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். கலையரசன் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் வீட்டு முன்னால் பாதி மரம் பிளந்து, சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு காரின் மேல் கிடந்தது. மின்கம்பியும் அறுந்திருந்தது. கலையரசன் மழையில் நனைந்தபடி நின்றார்.

"வாங்க. நல்லாப் பாருங்க" என்றார்.

"உசுருக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"கனிஷ்கா அப்பத்தான் கார உட்டு எறங்கி உள்ள போச்சுங்க. ரெண்டு நிமிசம் முந்தியிருந்தா எம்புள்ள இதுக்கடியில கெடக்கும். இத வெச்சது நீங்கதானுங்களே?"

"நாந்தானுங்க" என்றார் தங்கமுத்து.

லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்தியதும், வீட்டிலிருந்து கை ரம்பத்தை எடுத்துவந்து சிறு கிளைகளை அறுக்க ஆரம்பித்தார். தூறல் விடவில்லை. சிலர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தலைக்கு மேல் அல்ல, என் தலைக்கு மேல்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தண்ணீர்த்தொட்டியடியில் கூட்டம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் அத்தனை பேரை அங்கே பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. மூன்றாம் தெருவில் உள்ள எல்லாத் தூங்குமூஞ்சியையும் வெட்டிவிட வேண்டும், அதற்குக் கோட்டாட்சியருக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. மனுவை யார் எழுதுவது என்ற பேச்சு வந்தது.

"நம்ம தங்கமுத்து சார் இருக்காருங்களே. அவருக்குத்தான் அந்த ஆபீஸெல்லாம் பழக்கம். எழுதி, கையெழுத்து வாங்கி, அவரே கொண்டுபோய்க் குடுத்துருவாருங்க" என்றார் ரமேஷ்குமார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு அதில் எந்தத் தவறும் தெரியவில்லை, அங்கே நின்ற எங்களுக்கும் தெரியவில்லை. ஹனீப் மட்டும் நாற்காலியிலிருந்து, "ஏங்க, அவருகிட்டயேவா எழுதச் சொல்றீங்க?" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. தங்கமுத்து சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

போய் எழுதவும் உட்கார்ந்தார். அனுப்புநர், பெறுநர், பொருள். 'மூன்றாம் தெருவில் உள்ள தூங்குமூஞ்சி மரங்களை அகற்றக் கோருதல் தொடர்பாக' என்று எழுதியவர், 'ஐயா' என்று போட்டுவிட்டு நின்றுவிட்டார். சாந்தாமணி வந்து பார்த்தார்.

"நெசமாலுமே எழுதறீங்களா?"

"அந்தப் புள்ள மேல உழுந்திருந்தா என்ன பண்றது சாந்தா?"

"வெட்டோணும்னா வெட்டட்டும். நான் வேண்டாங்கல. அதுக்கும் நீங்களேதான் எழுதிக் குடுக்கோணுமா? மூஞ்சியப் பாருங்க கண்ணாடியில. பதினஞ்சு வருசத்துல ஒரு ஞாயித்துக்கெழம காலைல நீங்க உக்காந்து சோறு தின்னு நான் பாத்ததில்ல."

அவர் பேனாவை மூடினார். சற்று நேரம் கழித்துப் போனை எடுத்து, குழுவில் இப்படிப் போட்டார்:

"வணக்கம். உடல் அசதி காரணமாக இன்று முதல் நகர்ச் செய்திகளை என்னால் பதிவிட இயலாது. ஞாயிறு பணியையும் மனுவையும் வேறு எவரேனும் பொறுப்பேற்றுக்கொள்ளவும். தங்கமுத்து, இரண்டாம் தெரு."

பதில்கள் கொட்டின. கை கூப்பிய படங்கள், பூங்கொத்துப் படங்கள். "உங்கள் சேவைக்கு நன்றி ஐயா." "நல்லா ரெஸ்ட் எடுங்க சார்." நானும் கை கூப்பிய படம் ஒன்றை அனுப்பினேன். நல்ல மனதோடுதான் அனுப்பினேன்.

பல நாள் கழித்து அவர் என்னிடம் சொன்னார்: "அத்தனையும் ரெண்டு தடவ படிச்சேனுங்க. ஒருத்தராச்சும் ஏன்னு கேப்பாங்கன்னு பாத்தேன்."

அடுத்த வாரங்களில் நகருக்குச் செய்தி இல்லை. குழாய் திறந்துவிடும் நவீன்குமார் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் திறந்துவிட்டுப் போனார். தண்ணீர் வந்தது தெரியாமல் பல வீடுகளில் குழாயைத் திறக்கவில்லை, கீழ்த்தொட்டி நிரம்பவில்லை. அப்போதும் தங்கமுத்துவுக்குத்தான் போன் செய்தோம். "தெரியலீங்க" என்று வைத்துவிடுவார். பகலெல்லாம் படுத்தே கிடந்தார். சர்க்கரை கூடியிருக்கிறதோ என்று சாந்தாமணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தூங்கி எழுந்தாலும் தூங்காதவர் போலவே இருந்தார்.

நான்காவது வாரம் ஐந்தாம் தெருவில் அர்த்தநாரி வாத்தியார் இறந்துபோனார். தெருவேலையின் முதல் நாளன்று சொந்த மண்வெட்டியோடு வந்து நின்றவர் அவர். ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் இருந்து, அங்கேயே முடிந்துவிட்டது. பள்ளிபாளையத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். எங்கள் நகரிலிருந்து போனவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும். எங்களுக்குத் தெரியாது. தங்கமுத்துவுக்கே இரண்டு நாள் கழித்துப் பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

அன்று மதியமே ஹனீப்பையும் என்னையும் கூட்டிக்கொண்டு துக்கம் கேட்கப் போனார். வாத்தியாரின் மகள் தனப்பிரியா கதவைத் திறந்தார். தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், அப்பாவை உடன் வைத்திருந்தவர். தங்கமுத்துவைப் பார்த்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது.

"உங்களுக்கே தெரியலீங்களா மாமா? ஆஸ்பத்திரில இருந்து நான் நவீன்குமார்கிட்டச் சொல்லியுட்டேன். எப்படியும் நீங்க போட்டுருவீங்கன்னு இருந்துட்டேனுங்க. அப்பாவ எடுக்கறப்பத் திரும்பிப் பாத்தா நம்ம ஆளுக யாருமே இல்லீங்க."

தனப்பிரியா ஒரு மாதமாகக் குழுவைப் பார்க்கவே இல்லை. தங்கமுத்து விலகியது அவருக்குத் தெரியாது.

"நான் போடறத நிறுத்திட்டேன் சாமி" என்றார் தங்கமுத்து. "எம்மேலதான் தப்பு."

தனப்பிரியா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். "ஏங்க மாமா? என்னாச்சுங்க?"

அதைக் கேட்டதும் தங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டார். வாய் கோணிக்கொண்டு வந்தது. ஹனீப்தான் மரம் விழுந்த கதையை எல்லாம் சொன்னார்.

திரும்பி வரும்போது தங்கமுத்து நேராக வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் தெருவுக்குப் போய்க் கலையரசனின் கேட்டைத் தட்டினார்.

"உங்க வாசலுக்கும் தெருவுல மத்த ஊடுகளுக்கும் மேல வர்ற பெரிய கெளைகளையாவது எறக்கிரலாமுங்க. அனுமதிக்கு நான் கேக்கறேன். ஆளும் சொல்றேன்" என்றார்.

பத்து நாளில் மரம் ஏறுகிறவர்கள் இருவர் வந்தார்கள். கலையரசனும் தங்கமுத்துவும் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது கிளை இறங்கியபோது கலையரசன் சொன்னார்:

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க. புள்ளய நெனச்சுப் பதறிட்டேன்."

"நீங்க கேட்டதுல தப்பேயில்லீங்க" என்றார் தங்கமுத்து. "காத்துக்கு ஒடியும்னு வாங்கறப்பவே சொன்னாங்க. தெரிஞ்சேதான் வெச்சேன். சீக்கிரம் நெழல் வரோணும்னு அவசரம். இத்தன நாளா இத யாருகிட்டயும் சொன்னதில்லீங்க."

கலையரசன் கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டார். வேலை முடிந்ததும் உள்ளேயிருந்து கலையரசனுக்கும் தங்கமுத்துவுக்கும் மோர் வந்தது.

வெட்டச் சொல்லிக் கேட்கும் அந்த மனு கடைசிவரை எழுதப்படவில்லை. ஆடி மாதம் ரமேஷ்குமாரிடம் கேட்டேன். "எழுதோணுங்க. ஆளுக்கொரு வேலை. தங்கமுத்து சார் எழுதியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்" என்றார். பிளந்த மரத்தைத் தவிர மற்றவை கிளை குறைந்து, மொட்டையாக, இன்னும் நிற்கின்றன. எங்கள் சோம்பேறித்தனத்தால் மரங்கள் பிழைத்தன என்று ஹனீப் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தங்கமுத்து சிரிக்கவில்லை.

அப்பாவின் காரியம் முடிந்த மறுவாரம் தனப்பிரியா குழுவில் எழுதினார். தண்ணீரும் சாவும் மட்டும் நான் போடுகிறேன், வேறு எதுவும் என்னால் ஆகாது, யாரும் கேட்கவும் வேண்டாம் என்று. இப்போது அவர்தான் போடுகிறார். வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை. "தண்ணி வந்தாச்சு, நாலாம் தெரு வரைக்கும்" என்று இருக்கும். சில நாள் எட்டு மணிக்கு வரும், சில நாள் வராது. ஞாயிறு தெருவேலையை யாரும் எடுக்கவில்லை. சாக்கடை இரண்டு தடவை அடைத்துக்கொண்டது.

போன வாரம் தங்கமுத்துவை அவர் வீட்டு வாசலில் பார்த்தேன். இந்த ஞாயிறு நானும் வருகிறேன், ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன்.

"நீங்க ஆரம்பிங்க" என்றார். "எனக்கு இன்னும் அசதி போகலீங்க."

காலை மணி பதினொன்றுகூட ஆகவில்லை. உள்ளே போய்க் கட்டிலில் சாய்ந்தார். சாந்தாமணி என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.