டீ குடிக்காமல் வந்த முனிசாமி

ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவள் நான். ரிப்போர்ட் தப்பாகப் போய்விட்டதோ என்று பயந்த நாட்கள் நிறைய உண்டு. மெஷின் சரியாக இருந்து நான் தப்பாக இருந்த நாளைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பின் லைன் வீட்டிலிருந்து முனிசாமி வந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர். கால் பெருவிரலில் புண். வெறும் வயிற்றில் பார்க்கும் பாஸ்டிங் சுகர் 262. எச்.பி.ஏ.ஒன்.சி. 5.9. முதலாவது ரொம்ப அதிகம், இரண்டாவது நல்ல கட்டுப்பாடு. ஒரே ஆளுக்கு இரண்டும் எப்படி வரும்?

ஹீமோகுளோபின் சிவப்பணுவில் இருக்கும் ஒரு புரதம். உடம்பு அதைச் செய்து முடித்த பிறகு, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தானாகவே அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அந்தச் சிவப்பணு சாகும்வரை விடாது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று எச்.பி.ஏ.ஒன்.சி. டெஸ்டில் பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை தெரிந்துவிடும். நேற்று ஒருநாள் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. அதனால் எனக்கு அந்த டெஸ்ட் மேல் குருட்டு நம்பிக்கை.

சாம்பிள் மாறிவிட்டதோ என்று பயந்து மறுபடி ஓட்டினேன். அதே 5.9. அப்புறம்தான் என் புத்தி கோணலாகப் போனது. சுரங்கத்தில் பர்ஸ்ட் ஷிப்டுக்குப் போய்ப் பழகியவர்கள் டீ குடிக்காமல் வாசலைத் தாண்ட மாட்டார்கள். கேட்டால் வெறும் வயிறு என்று சாதிப்பார்கள். முனிசாமியையும் அந்தக் கும்பலில் சேர்த்து, டீ குடித்தாரா என்று கேட்டேன்.

"தண்ணிகூட குடிக்கலம்மா," என்றார்.

நான் சிரித்தேன். ஆபரேஷன் ஏதாவது ஆனதா என்று வழக்கம்போலக் கேட்டேன். இல்லை என்றார். "பாஸ்டிங் சந்தேகம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை நம்பி டாக்டர் 262-ஐத் தள்ளிவிட்டு, 5.9-ஐப் பார்த்து சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று இன்சுலினை நிறுத்தினார்.

ஒன்பதாம் நாள் அவர் மனைவி கோவிந்தம்மா தன் ரத்தத்தைப் பரிசோதிக்க வந்தார். போன மாதம் முனிசாமி ரத்த வாந்தி எடுத்ததையும், ஆஸ்பத்திரியில் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். முனிசாமியின் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் அளந்ததில் பாதி, சர்க்கரை நோயே இல்லாத யாரோ மூன்று பேருடைய ரத்தம்; அதுதான் எண்ணை 5.9-க்கு இறக்கியிருக்கிறது.

டாக்டருக்குப் போன் செய்தேன். உடனே ஆளைக் கூட்டி வரச் சொன்னார். அவர் வீட்டுக்குப் போன ஆட்டோவில் கோவிந்தம்மா பக்கத்திலேயே இருந்தார். முனிசாமி இன்சுலின் ஊசியை நிறுத்தினாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டர் பேச்சைக் கேட்காத ஆளாக இருக்கட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

முனிசாமி டாக்டர் சொன்ன நாளிலேயே ஊசியை நிறுத்தியிருந்தார். விரல் கறுத்திருந்தது.

விரலை வெட்டி எடுத்த பிறகு அவரைப் பார்க்க வார்டுக்குப் போனேன். ரத்தம் ஏற்றியதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதும் பழியை அவர் மேல் போடத்தான் பார்த்தேன், வெட்கக்கேடு.

"ஆபரேஷன் ஆச்சான்னு கேட்ட, இல்லன்னேன். டீ குடிச்சியான்னு கேட்ட, இல்லன்னேன். ரெண்டும் நெசந்தானம்மா. வேற இன்னா கேட்ட நீ?"

அதன் பிறகு வேலையை விடும்வரை, ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்காமல் அந்த டெஸ்டுக்கு நான் ஊசி எடுத்ததில்லை. டீ குடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பினேன்.