குழல் ஆர்கனுக்கு ஃபர்ஹா பூட்டிய கம்ப்யூட்டர்

மதுரை கோரிப்பாளையம் சந்திப்பிலிருந்து தர்கா பக்கம் திரும்பினால், ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் ஃபர்ஹாவின் கடை. புதிதாகப் படியேறி வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே இல்லையாக்கா?" என்று கேட்பார்கள். அண்ணன் என்று அங்கே யாரும் கிடையாது. கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே, "என்ன வேணும், சொல்லுங்க" என்பாள் ஃபர்ஹா. பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வந்தவருக்கு அண்ணன் நினைப்பே போய்விடும்.

கம்ப்யூட்டரை முழுதாக வாங்கி விற்பது அவள் வேலையில்லை. ஒவ்வொரு பாகமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பூட்டி, கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்தையும் தாண்டி ஓட வைப்பாள். ஓவர்கிளாக் என்பார்கள் அதை. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள், கட்டட வரைபடக்காரர்கள், விளையாட்டுப் பைத்தியங்கள் என்று திண்டுக்கல், விருதுநகர் வரைக்கும் அவளுக்கு ஆள் உண்டு.

இந்தக் கிறுக்கு சின்ன வயதிலேயே பிடித்தது. அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா பாதுஷா அதே தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். கம்ப்யூட்டர் ஆமையாக ஊர்கிறது என்று வாடிக்கையாளர்கள் சலித்துக்கொண்டே இருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேயே கிடக்கும் ஃபர்ஹா, ஒரு நாள் உள்ளே எதையோ மாற்றி ஒரு மிஷினைப் பறக்க வைத்தாள். இரண்டாம் நாள் அதிலிருந்து புகை வந்தது. அத்தா திட்டவில்லை. எதனால் கருகியது தெரியுமா என்று மட்டும் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேகத்தைக் கூட்டுவது பெரிய காரியமில்லை, கூடவே கிளம்பும் சூட்டை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதுதான் காரியம் என்று கடைசியில் விளங்கியது. பிறகு கல்லூரியில் இயற்பியல் படித்தபோதும் அவள் மனது அந்தச் சூட்டையேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

ரமலான் நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கிளமெண்ட் அவளைத் தேடி வந்தார். ஒரு மிஷன் பள்ளியில் இசை ஆசிரியர். வீடு ஆனையூரில். சமயநல்லூரைத் தாண்டி ஒரு பழைய ஆலயத்தில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிக்கிறவர். மின்சாரக் கீபோர்டு அல்ல, வெள்ளைக்காரர் காலத்துக் குழல் ஆர்கன். நூற்றுக்கணக்கான உலோகக் குழல்களில் காற்று புகுந்து பாடுவது. அதன் துருத்தித் தோல் வெடித்து, குழல்கள் ஒவ்வொன்றாக ஊமையாகிக்கொண்டு வந்தன. பழுது பார்க்க வந்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

முழுக்க ஊமையாவதற்குள் கிளமெண்ட் ஒரு வேலை செய்தார். நெடுஞ்சாலையில் லாரிச் சத்தம் கிளம்பாத விடியற்காலைகளில் ஆலயத்துக்குப் போய், ஒவ்வொரு குழலின் குரலையும் தனித்தனியாகப் பதிவு செய்தார். மாதக்கணக்கில் ஓடிய வேலை அது. அந்தக் குரல்களை எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தியதும் எடுத்துக் கொடுக்கிற மென்பொருள் ஒன்றும் இருக்கிறது. ஆர்கன் மறுபடியும் பாடிவிடும் என்று நம்பி, வேறொரு கடையில் கம்ப்யூட்டரும் வாங்கினார். கலர் கலராக விளக்கு எரிகிற பெட்டி. ஒன்றிரண்டு குழல் பாடும்வரை தேன் மாதிரி இருந்தது. எல்லாக் குழல்களையும் திறந்துவிட்டு இரண்டு கையும் காலுமாக வாசித்தால், எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் படபடவென்று வெடித்தது.

ஃபர்ஹா உடனே பாகங்களைச் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டும் என்றாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆனையூருக்குப் போனாள். கிளமெண்ட் வாசிக்க வாசிக்க, திரையில் வேலைப்பளு காட்டும் கோடுகளைப் பார்த்தபடி நின்றாள். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் செய்யாமல் தூங்கியது. ப்ராசஸருக்குள் வேலையைப் பங்கு போட்டுச் செய்யும் கோர்களில் இரண்டு மூன்று மட்டும் மூச்சு முட்ட ஓடின. மற்றவை சும்மா இருந்தன. இந்த வேலைக்குப் பத்துப் பேர் தேவையில்லை, வேகமான இரண்டு மூன்று பேர் போதும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னபோது கிளமெண்ட் இன்னொன்றையும் சேர்த்தார்.

"ஜெபம் பண்றப்ப சர்ச்சுல ஊசி விழுந்தாக் கேக்கும்மா. அப்ப இது இரையக் கூடாது. ஏசியும் அங்க கிடையாது."

ஃபர்ஹாவுக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளுக்குள் ஒரு துடிப்பும் வந்தது. வேகம் வேண்டும், சத்தம் கூடாது, அதுவும் மதுரைப் பங்குனி வெயிலில். இவற்றில் எதையாவது ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொல்லித்தான் இந்தத் தொழிலில் எல்லோரும் பேசுவார்கள். அவள் ஒன்றையும் விடச் சொல்லவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது கணவன் தவ்பீக்கிடம் அவள் பேசியது முழுக்க இதைப் பற்றித்தான். வேகப் பூட்டு போடாத ப்ராசஸர் வேண்டும். பூட்டிய ரகத்தில் நாம் வேகத்தைத் தொடவே முடியாது. மதர்போர்டில் விளக்கும் வேண்டாம், பெயரும் வேண்டாம், ப்ராசஸருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பகுதியின் மேல் கனமான உலோகக் கவசம் இருந்தால் போதும். சின்ன வயதில் அவள் கருக்கியது அந்த இடத்தைத்தான். தண்ணீரில் குளிரூட்டும் அமைப்பு கடையில் பார்க்க அழகு, ஆனால் பம்ப் முனகும், ஒரு நாள் நின்றும் போகும். அதற்குப் பதில் செங்கல் கனத்துக்கு ஒரு காற்றுக் கூலர், பெரிய இறக்கைகளோடு மெதுவாகச் சுற்றுகிற விசிறிகள். பவர் சப்ளை தேவைக்கு மேல் நல்ல தாராளமாக இருக்க வேண்டும். பாதித் திறனில் ஓடினால் சூடாகாது, சத்தமும் போடாது. கண்ணாடிப் பெட்டி கூடவே கூடாது, முன்பக்கம் முழுக்க வலை. அந்த கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வைத்துவிட்டால் பாதிச் சூடு குறையும். தவ்பீக் மொபைல் கவர் விற்கிறவன். பாதிதான் புரிந்தது என்றாலும், இடையில் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

பாகங்கள் வந்து சேர்ந்ததும் ப்ராசஸரில்தான் முதல் சிக்கல். ஒரே பெயர், ஒரே அட்டைப் பெட்டி என்றாலும் ஒவ்வொரு ப்ராசஸருக்கும் ஒரு சுபாவம். ஒன்று கொஞ்சம் மின்னழுத்தத்திலேயே சிட்டாய்ப் பறக்கும், இன்னொன்று அதே வேகத்துக்கு அள்ளிக் குடிக்கும், கொதிக்கும். அவள் வரவழைத்தது கொதிக்கிற ஜாதி. மாற்றி வாங்கியதும் அப்படியே. வேகம் வந்தது, ஆனால் விசிறிகளை முழு மூச்சில் சுற்ற விட்டால்தான் நின்றது.

அடங்கி ஓடும் ப்ராசஸர் ஒன்று அவளிடம் இருந்தது. அவளுடைய சொந்தக் கம்ப்யூட்டரில். எத்தனையோ ப்ராசஸர்களைப் பூட்டிப் பார்த்து, இது போல் இன்னொன்று வராது என்று தனக்கென்று எடுத்து வைத்தது. இணையத்தில் ஓவர்கிளாக் வேகப் போட்டிப் பட்டியல்களில் அவள் பெயர் ஏறியதும் அதனால்தான். நோன்பு திறந்த பிறகு ஒரு மாலை, அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது தவ்பீக் வந்து நின்றான்.

"ஒன்னோடதையா குடுக்கப் போற?"

"ஆமாங்க. எனக்கு இது நம்பர் காட்டுறதுக்குத்தான். அங்க இது பாடப் போகுது."

 கிளமெண்டுக்கு அவள் இதைச் சொல்லவில்லை.

பூட்டிய மிஷின் கடையில் நாள் முழுக்க ஓடியது. எல்லாக் குழல்களும் சேர்ந்து பாடின, ஒரு வெடிப்பு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால், அது ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கேட்க வந்த கிளமெண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு வரும் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் மத்தியானம் ஆலயத்தில் ஒத்திகை, ஃபர்ஹாவும் வந்திருந்தாள். ஆர்கன் இருக்கும் இடம் கூரைக்குக் கீழே மரப் பரண் போன்ற மேல்தளம். பாடகர் குழு இரண்டாம் பாட்டின் நடுவில் இருந்தபோது மிஷின் அப்படியே உறைந்தது. அழுத்தியிருந்த சுரம் மட்டும் நிற்காமல், மாட்டிக்கொண்ட லாரி ஹாரன் மாதிரி அலறியது. கிளமெண்ட் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்க வேண்டியதாயிற்று. கீழே நின்ற சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

சபைச் செயலாளர் இன்பசேகரன் ஓய்வுபெற்ற குமாஸ்தா, தன்மையான மனிதர். ஈஸ்டருக்கு எப்போதும்போல் கீபோர்டை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம், இதற்குப் போய் யாரும் வருத்தப்பட வேண்டாம் என்றார். அந்தத் தன்மைதான் ஃபர்ஹாவை அதிகமாகச் சுட்டது.

வேகத்தைக் குறைத்தால் மிஷின் உறையாது என்று அவள் நினைத்தாள். குறைத்தும் பார்த்தாள். கடுகு வெடிப்பு திரும்ப வந்தது, போதாததற்கு மறுபடியும் உறையவும் செய்தது. அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. ப்ராசஸர்தான் காரணம் என்றால் இப்போது உறைந்திருக்கக் கூடாது.

பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. மறுநாள் ஆராதனை முடிந்ததும் வந்தாள், அடுத்தடுத்த நாட்களும் வந்தாள். வெக்கையான அந்த மரத் தளத்தில் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் கொண்டு வந்த இன்பசேகரனிடம் நோன்பு என்று சொன்னாள். அவர் சங்கடப்பட்டு, எங்கிருந்தோ ஒரு ஸ்டாண்ட் ஃபேனை மேலே தூக்கி வந்து வைத்தார். அதையும் அவள் அணைத்துவிட்டாள்.

"காத்து மிஷின் மேல பட்டுரும் சார். இங்க எம்புட்டுச் சூடாகுதுன்னு சரியாத் தெரிஞ்சாத்தான் என்னால பாக்க முடியும்."

 அவர் தானும் ஒரு நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்தார். வியர்வை வழிய இரண்டு பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நினைவகத்தை மட்டும் தனியாகச் சோதிக்கிற ஒரு நிரலை ஓட விட்டிருந்தாள். காலையில் சுத்தமாக ஓடியது. மத்தியானம் வெயில் ஏற ஏறச் சிவப்பு வரிகள் விழ ஆரம்பித்தன. குற்றவாளி ப்ராசஸர் இல்லை, நினைவகம். எல்லாக் குழல்களின் குரலும் தங்குவதற்கு நிறைய இடம் வேண்டும் என்று நான்கு ராம் குச்சிகளை நெருக்கி நெருக்கிப் பூட்டி, அவற்றையும் வேகமாக ஓட விட்டிருந்தாள். சென்னை மொத்த வியாபாரியிடம் அப்போது கையிருப்பில் அவைதான் இருந்தன, சரி போகட்டும் என்று வாங்கியது. கூலரின் நிழலில் காற்றுப் படாமல் அவை ஒன்றையொன்று வேகவைத்துக்கொண்டிருந்தன. ஏசி போட்ட கடையில் இது எப்படித் தெரியும்?

கிளமெண்டைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். "தப்பு என் மேல சார். மிச்சத்தையெல்லாம் பாத்துப் பாத்து எடுத்தேன், இத மட்டும் கிடைச்சத வாங்கிட்டேன். இந்த இடத்தையும் மொதல்ல வந்து பாத்திருக்கணும்."

கிளமெண்ட் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஈஸ்டருக்குள்ள முடியுமாம்மா?"

"இன்ஷா அல்லாஹ்."

நான்குக்குப் பதில், அதே கொள்ளளவில் பெரிய குச்சிகள் இரண்டு சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வந்தன. இடைவெளி விட்டுப் பூட்டினாள். மேலே காற்றுப் படும்படி ஒரு சின்ன விசிறி வைத்தாள். நினைவகத்தின் வேகத்தை ஒரு படி இறக்கினாள். ப்ராசஸரின் வேகத்தைத் தொடவில்லை. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், வெயில் கொளுத்தும் நேரத்தில், எல்லாக் குழல்களையும் திறந்துவிட்டு வாசிக்கச் சொன்னாள். கிளமெண்டின் கைகள் ஓய்ந்தன, மிஷின் ஓயவில்லை. திரையில் ஒரு சிவப்பு வரி கூட விழவில்லை.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு, விடியுமுன் சாப்பிடும் சஹரை முடித்து, தொழுதுவிட்டு, தவ்பீக்கின் பைக்கில் வந்து இறங்கினாள். மேல்தளத்தில் மிஷினுக்கு அருகில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பாட்டுக்கு எழுந்தது ஆர்கன். கீழே நின்ற வயதானவர்கள் பலர் திரும்பி மேலே பார்த்தார்கள். பழகிய குரல் அது, எந்தக் குழலின் குரல் என்றுகூட சிலருக்குத் தெரிந்திருக்கும். ஃபர்ஹாவுக்கு அந்தப் பாட்டு தெரியாது. முதலில் அவள் காது வெடிப்புச் சத்தத்தை மட்டுமே தேடிக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டில் தரை அதிர எல்லாக் குழல்களும் ஒன்றாகப் பாடியபோது தேடுவதை விட்டுவிட்டாள். சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெபம் நடந்தபோது ஆலயத்தில் ஒரு சத்தம் இல்லை. இன்பசேகரன் கீழிருந்து மேலே பார்த்து, மிஷின் ஓடுகிறதா என்று சைகையில் கேட்டார். ஓடுகிறது என்று அவளும் தலையாட்டினாள்.

அந்த ப்ராசஸரின் கதை தவ்பீக் வாய் வழியாகத்தான் பிறகு கிளமெண்டுக்குத் தெரிந்தது. அவர் கடைக்கு வந்து, திருப்பி எடுத்துக்கொள்ளும்படி எவ்வளவோ சொன்னார். அது நல்ல இடத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லி, அவருக்கு டீ சொன்னாள். அதற்கு ஈடான இன்னொன்று இதுவரை அவளுக்குக் கிடைக்கவில்லை. பட்டியலில் அவள் பெயரும் கீழே போய்விட்டது. தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்போதெல்லாம் யார் வந்து கேட்டாலும் எடுத்த எடுப்பில் பாகம் சொல்வதில்லை. போன வாரம் எடிட்டிங் வேலைக்கென்று ஒருவர் போனில் பேசினார். எந்த ப்ராசஸர் போடலாம் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஃபர்ஹா கேட்டாள்: "மிஷின் எந்த ரூம்ல இருக்கப் போகுதுண்ணே? மொட்டமாடிக்குக் கீழயா? ஜன்னல் மேற்க பாத்திருக்கா? இருங்க, மத்தியானம் வெயில் ஏறட்டும், நானே வாரேன்."