ஒரு டீ குடிக்க வெளியே விடுவீர்களா?

ஸ்டேஷன் வாசலில் அண்ணனின் செருப்பைப் பார்த்தபோதுதான் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. எங்கள் ஊர்க்காரர்கள் கோயிலுக்குள் போவதுபோலவே ஸ்டேஷனுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். யாரும் கழற்றச் சொல்வதில்லை. முந்தின நாள் மத்தியானம் கழற்றியது மறுநாள் மத்தியானமும் அங்கேயே கிடந்தது. இவன் இப்போது எழுந்து வந்து இதைப் போட்டுக்கொண்டு போக முடியுமா? முடியாது என்றால் அதற்குப் பெயர் என்ன?

அண்ணன் என்றால் என் சித்தப்பா மகன். உசிலம்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். எழுமலைப் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்று மோட்டார்கள் அடுத்தடுத்துக் களவு போயின, உள்ளே இருக்கும் செப்புக் கம்பிக்காக. செப்புக் கம்பி எங்கே புழங்கும் என்று யோசித்தால் யாருக்கும் அவன் கடைதான் முதலில் நினைவுக்கு வரும். விசாரிக்க வேண்டும், வரச் சொல்லுங்கள் என்று போன் வந்ததும், சித்தப்பா தானே அவனைப் பைக்கில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார். தெருவே பார்க்க ஜீப்பில் ஏற்றுவதற்கு முன்னால் நாமே கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் எங்கள் பக்கத்தில் கௌரவம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. இங்கே தெரிந்த வக்கீல் ஒருவரைக் கூப்பிடலாம் என்று நான் மதுரையிலிருந்து போனில் சொன்னேன். வக்கீல் வைத்தால் தப்புச் செய்ததாக ஆகிவிடும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நான் சட்டம் படிக்கிறேன், நான்காம் வருடம். வீட்டில் யார் எதைப் பேசினாலும் நடுவில் புகுந்து பிரிவு எண் சொல்லித் திட்டு வாங்குகிறவள். கைதானவனுக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவன் கேட்கும் வக்கீலைப் பார்க்க விட வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். எல்லாம் பரீட்சையில் எழுதியது. பஸ்ஸில் வழி நெடுக அதையே மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டு வந்தேன். ஆனால் அந்த வரிகள் எல்லாமே கைது என்ற இடத்தில்தான் தொடங்குகின்றன. அண்ணனை யாரும் கைது செய்யவே இல்லையே. நாங்களே கொண்டுவந்து விட்டிருக்கிறோம்.

உள்ளே போனேன். வாசல் படியில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவும் பின்னாலேயே வந்தார். ஸ்டேஷன் பதிவுகளை எழுதும் ரைட்டரின் மேசைக்குப் பின்னால் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான் அண்ணன். கையில் போன் இல்லை. உதடு காய்ந்திருந்தது.

"வந்துட்டாகய்யா வக்கீலம்மா" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். கைது எதுவும் இல்லை, சும்மா விசாரணை, அவன் அப்பாவே கூட்டிக்கொண்டு வந்தார், வேண்டுமானால் அவரையே கேட்டுக்கொள்ளம்மா என்றார். சித்தப்பா தலையாட்டினார். சாயங்காலம் அனுப்பிவிடுவார்களாம். நேற்றும் இதையே சொன்னார்கள்.

"சரிங்க சார். அப்ப அண்ணனைக் கூட்டிட்டுப் போயி எதிர்க்கடையில ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்."

"டீதானம்மா? இங்கயே வாங்கித் தரச் சொல்றேன்."

"வெளிய போயித்தான் குடிக்கணும் சார். குடிச்சுட்டு அவன் கடையைத் திறக்கப் போறான்னா போகட்டும்."

ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அதெப்படி விட முடியும்?" என்றார் எஸ்.ஐ.

"விட முடியாதுன்னா அதுக்குப் பேருதான் சார் கைது. அப்படியே எழுதுங்க. நேத்து மத்தியானத்துல இருந்து எழுதுங்க. காரணத்தையும் எழுதிக் குடுங்க."

சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

"நீ படிச்சு என்னத்தக் கிழிச்ச? எம்மவனை நீயே கைது பண்ணச் சொல்றியே பாப்பா. நாளைக்கு இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அவர் பயம் நியாயம்தான். எஸ்.ஐ. சரி என்று எழுதிவிட்டால் அண்ணன் இன்றே சிறைக்குப் போகலாம், அதற்கு என் கெட்டிக்காரத்தனம்தான் காரணமாக இருக்கும். கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. உள்ளே எஸ்.ஐ. யாரிடமோ போனில் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியில் ரைட்டர்தான் கூப்பிட்டார். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்யாமலே, இன்ன நாள் வந்து ஆஜராகு என்று நோட்டீஸ் கொடுக்கலாம். அதைத்தான் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை வர வேண்டும். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணன் வெளியே வந்தான், செருப்பை மாட்டிக்கொண்டான்.

எதிர்க்கடையில் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பாதி டீ குடித்த பிறகுதான் சொன்னான்.

"நேத்து சாயங்காலம் ஒரு வெள்ளப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாக. ஒண்ணும் எழுதாத பேப்பரு. போட்டா விட்டுருவோம்னாக."

நான் என் டம்ளரைக் கீழே வைத்தேன். போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது. போலீசிடம் ஒப்புக்கொண்டதாகச் சொல்வதும் சாட்சியம் ஆகாது. ஆனால் அவனே இடத்தைக் காட்டினான், அங்கே கம்பி கிடைத்தது என்று எழுதிக்கொண்டால், அந்த ஒரு பகுதி மட்டும் சாட்சியமாகக் கோர்ட்டுக்குள் வந்துவிடும். வெள்ளைத் தாளில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அண்ணனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"நீ சொன்ன அந்த வக்கீலுக்குப் போனப் போடு" என்றார்.

போட்டேன். நாளைக் காலையில் நாங்கள் மூன்று பேரும் மதுரைக்குப் போகிறோம். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியதை அண்ணன் தன் வாயாலேயே சொல்ல, அதை மனுவாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், அந்தத் தாளில் எதுவும் ஏறுவதற்கு முன்னால். திங்கட்கிழமை வக்கீலோடு ஸ்டேஷன். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வா என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு மட்டும் அவன் இன்னும் சம்மதிக்கவில்லை.