வேப்பமரத்தடிக்கு இறங்கிய சோபா

நாட்டின் தலைநகரில், கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குடியிருப்பில் முதல் மாடி எங்களுக்கு. ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, ஒருத்தி நின்றால் இன்னொருத்தி வெளியே காத்திருக்க வேண்டிய அடுக்களை. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நாள் முதல் முன்னறையில் ஒரு மடக்குக் கட்டிலும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும்தான். அதற்காக நான் குறைப்பட்டதே இல்லை என்று எழுதினால் கர்த்தர் சிரிப்பார். நன்றாகவே குறைப்பட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் களைகட்டியது அந்தக் காலி அறையால்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் சபையார் முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுவோம். முறை வந்த வீட்டில் கட்டில் சுவரோடு நிமிர்ந்து நிற்கும், நாற்காலிகள் மாடிப்படிக்குப் போகும், ஜமுக்காளம் விரியும். செக்‌ஷன் ஆபீசரும் கட்டட வேலைக்காரரும் போதகர் ஐயாவும் முட்டியோடு முட்டி இடிக்க ஒரே தரையில் சம்மணம் போடுவார்கள். கால் மரத்துப்போய் யாராவது நெளிந்தால் பக்கத்து ஆள் கிண்டலடிப்பார்.

பாட்டெடுக்கிறவள் ஒருத்தி உண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. நாலைந்து வீட்டில் பாத்திரம் துலக்கி, தூசி தட்டி, குடிசைக் காலனிக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வருவாள். புத்தகம் கிடையாது. வாயைத் திறந்தால் கீழ்வீட்டுப் பஞ்சாபி மாமி டீவியை அணைத்துவிடுவாள், அப்படி ஒரு குரல். நான் அவளைத் தங்கச்சி என்பேன். எங்கள் பையன் சின்ன வயதில் பாட்டு நடக்கும்போது அவள் மடியில்தான் தூங்குவான்.

அந்தப் பையன் வளர்ந்து குர்கானில் வேலைக்குச் சேர்ந்தான். எனக்கோ முழங்கால் வலி. தரையில் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சோபா அனுப்பிவிட்டான். சோபா என்றால் சும்மாவா! ப வடிவத்தில் பாதி, மூலையில் திரும்பி ஜன்னல் வரை ஓடுகிற சோபா. மாடிப்படியில் திரும்பாமல், கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றினார்கள். "ஏட்டி, இனி நாமதான் பால்கனில படுக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று முழுக்க அதில் உட்கார்ந்தே வெங்காயம் உரித்தேன்.

அதே மாதம் தங்கச்சிக்கு கர்ப்பப்பை ஆபரேஷன். பெரியாஸ்பத்திரியில் உயிர் போய் வந்தது என்றுதான் சொல்லவேண்டும். பிழைத்து எழுந்தால் சபையாரைக் கூட்டி ஸ்தோத்திர ஜெபம் வைத்து, தன் கையாலேயே சுண்டல் செய்து கொடுப்பதாகப் பொருத்தனை பண்ணியிருந்தாள். அவள் குடிசையில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் மடியில்தான் உட்காரவேண்டும். "ஒங்க வூட்ல வச்சிக்கட்டுமாக்கா?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கேட்டாள். "இது கேக்கணுமா? அது ஒன் வீடுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் உடம்பு தேறி வந்ததும், ஸ்தோத்திர ஜெபத்துக்கு முன்னால் எங்கள் முறைக் கூட்டம் வந்தது. சோபாவை நகர்த்த முடியவில்லை. முதலில் வந்த ஆபீசர் குடும்பங்கள் அதில் அமர்ந்தன. போதகர் ஐயாவையும் கையைப் பிடித்து உட்கார வைத்தோம். மிச்சமிருந்த தரையில் பாய் விரிக்கக்கூட இடமில்லை. குடிசைக் காலனிப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். "உள்ள வாங்க, சோபால உக்காருங்க, இடம் இருக்கு" என்று நானும் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். "பரவால்லக்கா, காலெல்லாம் தூசி" என்று சொல்லி, ஒவ்வொருத்தராக அடுக்களைப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். ஆபீசர் மனைவி பாட்டை உச்சத்தில் எடுத்துவிட, இரண்டாவது அடியிலேயே எல்லோருக்கும் இருமல் வந்தது. அடுக்களைப் பக்கமிருந்து பாட்டுச் சத்தமே இல்லை. காபி கொடுக்க எழுந்து போனால், தங்கச்சி குந்த வைத்து உட்கார்ந்து டம்ளர் கழுவிக்கொண்டிருக்கிறாள். ஆபரேஷன் ஆன உடம்பு. இத்தனை வருஷத்தில் என் வீட்டில் அவள் ஒரு டம்ளரைக்கூடத் தொட்டதில்லை, நான் விட்டதில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து செருப்பு போடும்போது என் பக்கத்தில் வந்தாள். "ஸ்தோத்திர ஜெபம் வேணாம்க்கா. நானே முழங்கால் போட்டு சொல்லிக்கிறேன். ஆண்டவருக்குக் கேக்காதா என்ன?"

"ஏன்டி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. புது சாமான். எண்ணெ கிண்ணெ பட்டுடப் போவுது."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சண்டை போட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான். ஆனால் இந்த ஒட்டகத்தை அனுப்பியவன் நான் பெற்ற பிள்ளை. வலிக்குமே என்று பார்த்து ஆசையாக வாங்கினதை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

இரண்டு நாள் விழுங்கிப் பார்த்துவிட்டுப் பையனுக்குப் போன் போட்டேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை.

"அரே அம்மா, சோபாதானே? எறக்குங்க. ஆன்ட்டி மடியில நான் தூங்கினது அந்தத் தரையிலதானே? உங்க முட்டிக்கு நல்ல ஒசரமா ஒரு சேர் வாங்கிக்கலாம். டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க."

நான் பிள்ளையை வளர்த்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சபையும் சேர்ந்துதான் வளர்த்திருக்கிறது, ஸ்தோத்திரம். உடனே தங்கச்சி வீட்டுக்குப் போய், "சனிக்கிழமை நீ சுண்டலோட வரல, நான் ஒன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்" என்று மிரட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மறுபடி கயிறு வந்தது. என் வீட்டுக்காரர் பால்கனியில் நின்று "ஜல்தி, ஜல்தி! ஏ, மெதுவா!" என்று அவசரத்தையும் நிதானத்தையும் சேர்த்துக் கத்தினார். செக்‌ஷன் ஆபீசர் பேன்ட்டை மடித்துவிட்டு ஒரு முனையைத் தாங்கினார், மூச்சு வாங்கியது பாவம். வீட்டைக் காலி செய்கிறோமா என்று பஞ்சாபி மாமி ஓடிவந்து கேட்டாள். "நஹி ஜி, பிரார்த்தனா ஹை" என்றேன். பிரார்த்தனைக்கும் சோபாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! சோபா கீழே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தது.

தங்கச்சி பெரிய தூக்குப்பாத்திரத்தில் சுண்டலோடு படியேறி வந்தாள். ஜமுக்காளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நேரே நடுவில் போய் உட்கார்ந்து பாட்டெடுத்தாள். நான் பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் ஓரமாக இருந்தேன். வெறுந்தரையில் அந்தக் குரல் பட்டு எழும்பியபோது கண்ணீரைத் துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஆண்டவரே, இந்த அறையை இவ்வளவு காலம் காலியாக வைத்திருந்தீரே, அதற்கு நான் ஒரு நாளாவது நன்றி சொன்னேனா என்றுதான் ஜெபித்தேன்.

எல்லோரும் போன பிறகு பால்கனிக்கு வந்தால், தங்கச்சி கீழே வேப்பமரத்தடியில் சோபாவின் நடுவில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருக்கிறாள். "அக்கா, எறங்கி வாங்க!" என்று கையாட்டினாள். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தினி வருசமா வூடு வூடா இத தொடச்சிருக்கேன்! குந்துனா எப்பிடி இருக்கும்னு இன்னிக்கிதான் தெரியுது."

"எப்பிடி இருக்கு?"

அவள் ஒருமுறை எம்பிப் பார்த்துக்கொண்டாள். "ஒண்ணும் பெருசா இல்லக்கா. ஜமுக்காளமே தேவல."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்து எழுந்திருக்கப் பார்த்தால் என்னால் முடியவில்லை. முழங்காலுக்கென்று வாங்கிய சோபா அவ்வளவு பள்ளம். தங்கச்சிதான் எழுந்து நின்று என் இரண்டு கைகளையும் பிடித்து, "ஸ்தோத்திரம்!" என்று ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினாள்.