சாணி வாயுவும் மடுல்சீமை வெயிலும்

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் மருத்துவிச்சியாக இருந்த குணமணிக்குப் பிரசவம் பார்ப்பதில் ஒரு சிரமமும் கிடையாது. பிரசவ அறையில் அடுப்பு மூட்டுவதுதான் பெரும்பாடு. யாழ்ப்பாணத்துக் காய்ந்த பனைமட்டையில் சமைத்துப் பழகியவர் அவர். இங்கேயோ விறகு எந்நேரமும் நனைந்து கிடக்கும். கத்தரிக்கோலைக் கொதிக்க வைப்பதற்குள் புகையில் கண் சிவந்து மூக்கு ஒழுகிவிடும். ஒருமுறை வலியில் கிடந்த பெண்ணே எழுந்து உட்கார்ந்து, "அழுவாதீங்கம்மா, எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று அவரைத் தேற்றினாள்.

குணமணிக்கு ரோசம் வந்துவிட்டது. அது 1957ஆம் ஆண்டு. பண்டாரவளைக்குப் போன இடத்தில், மாட்டுச் சாணியைப் புளிக்க வைத்தால் எரியக்கூடிய வாயு கிடைக்கும் என்று ஓர் இந்தியச் சஞ்சிகையில் படித்தார். திரும்பி வந்ததும் தேயிலைத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பீப்பாய்கள் இரண்டைக் கேட்டு வாங்கினார். பெரியதில் சாணிக் கரைசல். அதற்குள் சிறியது கவிழ்ந்து மிதக்கும். வாயு சேரச் சேர அது மேலே எழும். அதன் தலையில் பொருத்திய குழாய் வழியே அடுப்புக்கு வாயு வரும்.

சாணிக்கு, தொழிலாளர் குடியிருந்த லயத்தில் மாடு வளர்த்த ரெங்கம்மாவிடம் போனார்.

"சாணியைக் குடுத்துட்டா என் கெழங்குப் பாத்திக்கு என்னத்தப் போடுறதுங்க?"

"நான் வாயுவை மட்டும்தான் எடுப்பன். மிச்சத்தை அப்பிடியே உங்களிட்டைத் தந்திடுவன்."

"அப்ப சாணியில என்னதாங்க கொறையும்?"

"மணம் குறையும்."

ரெங்கம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் இதே பேச்சுதான்: மருத்துவிச்சி அம்மா சாணியை வாங்கி, மணத்தை எடுத்துக்கொண்டு, சாணியைத் திருப்பிக் கொடுக்கிறாராம்!

சில வாரங்கள் கழித்துக் குணமணி குழாயருகே தீக்குச்சியை நீட்டினார். குச்சி அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தார். அதுவும் அணைந்தது.

"நெருப்ப அணைக்கிறதுக்கு நல்லாத்தாங்க வேல செய்யுது" என்றாள் ரெங்கம்மா.

மலைக்குளிரில் சாணி சரியாகப் புளிக்கவில்லை என்பது குணமணிக்கு மெல்லப் பிடிபட்டது. பீப்பாய்க்குச் சாக்குப் போர்த்திப் பார்த்தார், பயனில்லை. சூரியனை விட்டால் வேறு கதியில்லை என்று முடிவு செய்து, பீப்பாய்க்குக் கறுப்புத் தார் பூசி, பழைய ஜன்னல் கண்ணாடிகளால் கூண்டு கட்டினார். மூடுபனி விலகும் கொஞ்ச நேர வெயிலையும் விட மனமில்லாமல், பளபளக்கும் தகரமொன்றைச் சாய்த்து வைத்து வெளிச்சத்தைக் கூண்டுக்குள் திருப்பினார். பாதி வெளிச்சம் கூண்டுக்குள் விழுந்தது. மீதி, எதிரே தோட்டக் கணக்கு எழுதும் கந்தோரில் இருந்த பெரிய கிளாக்கர் ஜெயரட்ணத்தின் முகத்தில் விழுந்தது.

ஜெயரட்ணமும் யாழ்ப்பாணத்தவர்தான். சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு புறப்பட்டு வந்தார்.

"தங்கச்சி, உங்கட சூரியனைக் கொஞ்சம் அங்கால திருப்புங்கோ. எனக்குக் கண் தெரியேல்லை."

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா, இப்பதான் பீப்பாய் எழும்புது!"

உண்மையாகவே அது எழும்பியிருந்தது. குணமணி குச்சியைக் கிழித்தார். குழாயின் நுனியில் நீலச்சுடர் ஒன்று சத்தமில்லாமல் பூத்தது. திடுக்கிட்டுப் பின்வாங்கிய ஜெயரட்ணத்தின் சப்பாத்துக் கால் பக்கத்தில் இருந்த சாணிக் கரைசல் வாளிக்குள் போய்விட்டது. குணமணிக்கு அதெல்லாம் கண்ணில் படவேயில்லை. அத்தனை மாதமும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அந்தச் சுடரில் வைத்த கேத்தலில் தண்ணீர் கொதித்தது. ஒரு கோப்பைத் தேநீரை நீட்டினார். ஜெயரட்ணம் மோந்து பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு குடித்தார், பிறகு மூக்கை விட்டுவிட்டு முழுவதையும் குடித்தார்.

அந்த அடுப்பு வெயில் மாதங்களில் நன்றாகவும் மழை மாதங்களில் அரைகுறையாகவும் எரிந்தது. மழைக்காலத்தில் குணமணி பழையபடி விறகோடு மல்லுக்கட்டினார். ஆனாலும் கரைசலில் காய்ந்த இலை, கிழங்குத் தோல் என்று எதையாவது சேர்த்துப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

ஜெயரட்ணத்துக்குத்தான் தொல்லை பிடித்தது. நடந்ததை வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவர் மனைவி யோகம்மா தனக்கும் அப்படியொரு அடுப்பு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ரெங்கம்மாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டால், "எங்க மாட்டுச் சாணி மருத்துவிச்சி அம்மாவுக்குத்தாங்க" என்று சொல்லிவிட்டாள். கடைசியில் லுணுகலையிலிருந்து சொந்தமாக ஒரு பசு வந்து சேர்ந்தது. அது யோகம்மாவைக் கிட்டவே அண்டவிடாது. அதனால் பெரிய கிளாக்கர் தினமும் கந்தோருக்குக் கிளம்புமுன், கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கையில் வாளியோடு தொழுவத்துக்கு நடந்தார்.