நியூ ஸ்வீடன் தேவாலயமும் தங்கையின் கையெழுத்தும்

நான் குடியிருக்கும் கேட்டி ஊரிலிருந்து நியூ ஸ்வீடன் போய் வந்தது ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. ஸ்வீடன்காரர்கள் டெக்சஸில் வந்து குடியேறிய ஊர் அது. அங்கே செம்புக் கோபுரத்தோடு ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது; அதைப் பார்ப்பது ஒரு காரணம். இன்னொன்று, ப்ளூகர்வில்லில் இருக்கும் என் தங்கை கோகிலாவிடம் ஒரு கையெழுத்து. அப்பா காலமாகி ஓராண்டு ஆகிறது. பொள்ளாச்சியில் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. அதில் தன் பங்கை அவள் எனக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் வழக்கமாகச் செய்வதுதான். அதை அவள் சார்பில் ஊரில் பதிவு செய்ய பவர் பத்திரத்தை பிரிண்ட் எடுத்து, அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் ஸ்டிக்கரும் ஒட்டி எடுத்துப் போனேன். இவ்வளவு ஒழுங்கு என்னிடம் வேறெதிலும் கிடையாது.

காலை 6:10க்குக் கிளம்பினேன். 150 மைல், இரண்டரை மணி நேரம். வழியில் குடித்த காபி 3 டாலர் 40 சென்ட், வாயில் வைக்க முடியவில்லை. நல்லவேளை, கோகிலா இட்லி வைத்திருந்தாள். 9:40க்கு இருவரும் என் காரில் புறப்பட்டோம். அங்கிருந்து பன்னிரண்டு மைல்தான். வயல்களுக்கு நடுவே கோபுரம் வெகுதூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. பதினொன்றரை வரை தேவாலயம், பிறகு கையெழுத்துக்குச் சான்று போட நோட்டரி இருக்கும் வங்கி என்பது திட்டம். சனிக்கிழமை ஒரு மணிக்கு வங்கியைச் சாத்திவிடுவார்கள்.

தேவாலயம் பூட்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் எரிக் என்பவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன், என் வயதுதான் இருக்கும். இந்த வட்டாரத்து ஸ்வீடன்காரர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டின் தெற்கிலிருந்து வந்தவர்களாம். தன் குடும்பம் மட்டும் டாலர்னா என்றார். குரலில் கொஞ்சம் திமிர்.

அவர் சொன்னபடி, டாலர்னா ஸ்வீடனின் நடுவே காடும் ஏரியுமான பகுதி. அங்கே பெரிய பண்ணையார்கள் காலூன்ற முடியவில்லை. அவரவருக்குச் சொந்த நிலம். ஆட்சி பிடிக்காவிட்டால் கிளர்ச்சிக்கு அழைக்கும் அடையாளமாக ஒரு மரக்கட்டையை ஊர் ஊராகக் கைமாற்றி ஆள் திரட்டுவார்கள். தலைநகருக்கே படையாக நடந்திருக்கிறார்கள். சில தடவை ஜெயித்தார்கள், சில தடவை செத்தார்கள். நிலத்திலும் அதே பிடிவாதம்: எத்தனை பிள்ளைகளோ அத்தனை பங்கு, பெண்களுக்கும் சேர்த்து. பிரித்துப் பிரித்து வயல்கள் ரிப்பன் மாதிரி ஆகிவிட்டன. அரசாங்கம் துண்டுகளை ஒன்றுசேர்த்துத் தர வந்தபோதும் முடியாது என்று தலைமுறைக் கணக்கில் இழுத்தடித்திருக்கிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் விட்டுக்கொடுத்திருந்தால் நிலமாவது உருப்படியாக இருந்திருக்குமே என்றேன். தன் வீட்டுப் பெண்களிடம் போய் அதைக் கேட்கும் தைரியம் யாருக்கு இருக்கிறது என்று எரிக் சிரித்தார். நானும் சிரித்தேன். கோகிலா சிரிக்கவில்லை.

காரில் ஏறும்போது மணி 12:05. வங்கிக்கு நேரமாகிறது பாப்பா என்றேன். அவள் சீட் பெல்ட்டை மாட்டிவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"தோப்பு வேண்டாம்னு நானே சொல்லலாம்னு இருந்தேன் அண்ணா. நீ எங்க சைன் பண்ணணும்னுதான் சொன்னே. பண்றியான்னு கேக்கவே இல்ல. நான் பண்ணல."

வாக்குவாதம் செய்து பார்த்தேன். அவள் அசையவில்லை. அவளை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். பாதி வழியில் கொலம்பஸ் என்ற ஊரைத் தாண்டும்வரை அவள்மேல் கோபம். அதற்குமேல் யார்மேல் என்று தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: அனுமதி இலவசம். பெட்ரோல் 38 டாலர் ஆயிற்று. அருகில் கடையோ கழிப்பறையோ என் கண்ணில் படவில்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். உள்ளே பார்க்க வேண்டுமானால் ஞாயிறு ஆராதனைக்குப் போகச் சொன்னார் எரிக்.

அன்று மாலை ஏழரைக்கு அம்மாவுக்கு போன் செய்தேன். பொள்ளாச்சியில் விடிகாலை ஆறு. என் பக்கம் பேசுவார் என்று நம்பி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சொன்னார்:

"உன்ற மாமனுங்க என்னைய ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனப்ப எனக்கு இருபத்திமூணு வயசு. எதுக்குன்னுகூடச் சொல்லல. அவளாவது கையெழுத்துப் போடாம இருக்கட்டும் சாமி."