இடப்பக்க முதல் இருக்கை

மருத்துவக் குழுவின் சான்றிதழ் இப்படிச் சொன்னது: “மேற்படி ஓட்டுநர் அண்மையில் இடது கண்ணின் பார்வையை முழுமையாக இழந்துள்ளார். அதன் காரணமாகத் தூரத்தைக் கணிக்கும் திறன் அற்றவராக உள்ளார். எந்த வகை வாகனத்தையும் இயக்கத் தகுதியற்றவர்.” கீழே மூன்று கையெழுத்துகள். அவற்றில் ஒன்று கோட்டை விட்டு விலகி முத்திரையின் மேல் ஏறிக் கிடந்தது. ஆனால் தூரத்தைக் கணிக்கத் தெரியாதவர் என்று எழுதப்பட்டது ஓட்டுநரைப் பற்றித்தான்.

சான்றிதழைப் பார்த்து அழுதது அவர் மனைவி. மருத்துவமனை மருந்தக ஜன்னலில் மருந்து எடுத்துக் கொடுப்பது அவள் வேலை; தெருவில் மாத்திரையக்கா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். ஒரு வேளைக்கு இரண்டு சொட்டு, நாளுக்கு மூன்று வேளை என்று அந்தக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள். தெருவில் நடந்தால் அவருடைய இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டை வலப்பக்கம் தள்ளி வைத்தாள். இத்தனைக்கும் அவர் ஆட்டுக்குட்டி மாதிரி அடங்கிப் போனார். முப்பத்தோரு வருடம் பதினோராம் எண் பேருந்தை ஓட்டிய மனிதர் இப்படி அடங்கியதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

நிர்வாகம் அவரைப் பணிமனையின் பின்பக்கம், தொலைந்த பொருள்கள் அறையில் உட்கார வைத்திருந்தது. பேருந்தில் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குச் சீட்டுக் கட்டும் வேலை. பார்வையைத் தொலைத்தவரிடம் தொலைந்ததையெல்லாம் ஒப்படைப்பதுதான் பொருத்தம் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். பேச்சில்லை. அவ்வப்போது வலது கால் மட்டும் தரையை அழுத்தும். இல்லாத பிரேக்கை மிதிக்கிற கால். அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மனுஷன் இப்படியே மக்கிப் போய்விடுவாரோ என்று அவளுக்குத் தோன்றும்.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வாயைத் திறந்தார்.

“ஒரு கம்ப்யூட்டர் வேணும். ரெடிமேடா வேண்டாம். பாகம் பாகமா வாங்கி நாமளே பூட்டிக்கலாம். கேம் ஆடுற கம்ப்யூட்டர்.”

அவள் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. “யாரு ஆட?”

“நான்தான்.”

செல்போனில் பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் நிறுத்தலாம் என்பதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்காதவர் அவர்.

“பஸ் ஓட்டுற கேம் இருக்காம்மா. நிஜ ஸ்டியரிங், கிளட்ச், பிரேக் எல்லாம் உண்டாம். உன் தம்பி காட்டினான். யாரும் லைசென்ஸ் கேக்க மாட்டாங்க.”

இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்தாள். பிடித்தால் பிடிக்கட்டும், சுவரைப் பார்ப்பதற்குத் திரையைப் பார்ப்பது மேல் என்றும் நினைத்தாள். இரண்டும் ஒரே மூச்சில்.

தம்பியைக் குடும்பத்தில் விளக்கவுரை என்று கூப்பிடுவார்கள். மழை பெய்கிறது என்றால் ஏன் பெய்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் குடை எடுப்பான். அவன் ஒரு பட்டியலோடு வந்தான். மூன்று பேரும் கடைக்குப் போனார்கள்.

கடை ஒரு மாடியில் இருந்தது. கண்ணாடி அலமாரிகளில் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியிலும் திருப்புளியைக் கொண்டையிலும் செருகியிருந்தாள். பாகங்களையெல்லாம் உள்ளே அடக்கும் பெட்டிக்குக் கேபினெட் என்று பெயர். விளக்கவுரை முதலில் காட்டிய கேபினெட் நான்கு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு.

“அத்தான், இதான் இப்ப எல்லாரும் வாங்குறாங்க. ஏன்னு கேளுங்க…”

“வேண்டாம் மாப்ளே. ராத்திரி வண்டில கேபின் லைட்டைப் போட்டா முன் கண்ணாடில என் மூஞ்சிதான் தெரியும், ரோடு தெரியாது. இது பக்கத்துல உக்காந்து மின்னினா திரை பூரா வானவில்லுதான். எனக்குக் கறுப்பா, தகரமா, ஊமையா ஒண்ணு குடுங்கம்மா.”

கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு பட்டியலுக்கு வேலையில்லாமல் போனது. பவர் சப்ளைகளை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுத்து வைத்தார். ஃபேன்களை ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். மூன்றாவது ஃபேனை, “பேரிங் அழுவுது,” என்று ஒதுக்கினார். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டையும் மலிவான பிராசஸரையும் தம்பி சேர்த்து எடுத்தபோது தலையை ஆட்டினார்.

“எஞ்சின் யானை, கியர்பாக்ஸ் பூனை. சமதரையில சத்தம் போடாது. ஏற்றத்துல மானம் போயிடும்.”

“அண்ணே,” என்றாள் கடைக்காரம்மா, “நெசமாவே முதல் தடவை வாங்குறீங்களா?”

“கம்ப்யூட்டர்தான் முதல் தடவை.”

நடுவாந்தரமான கார்டு ஒன்றைக் கையில் எடுத்தார். திறந்து கிடந்த கறுப்புக் கேபினெட்டைப் பார்த்தார். தலையை லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார். “போகும். கடைசில அரை விரல் இடம் மிஞ்சும்.”

மாத்திரையக்காவுக்குத் திக்கென்றது. தூரத்தைக் கணிக்கத் தெரியாது என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்ட மனிதர், பிரித்தால் திருப்பி எடுக்காத பொருளைக் கண் மட்டத்தில் அளக்கிறாரே! “என்னங்க, டேப் வச்சுப் பாக்கட்டும்,” என்றாள். கடைக்காரம்மா அளந்தாள். அரை விரல் மிஞ்சியது.

குருட்டு அதிர்ஷ்டம் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்தச் சொல் மனதில் வந்ததற்காக உடனே வருத்தமும் பட்டுக்கொண்டாள்.

அடுத்தது திரை. கடைக்காரம்மா முதலில் கண்ணை மறைத்துத் தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். கருவியை எடுத்து வைத்தாள். விளக்கவுரை மாட்டிக்கொண்டு எதிரில் இல்லாத லாரியைக் கைநீட்டித் தடுத்தான். மாத்திரையக்கா மாட்டிக்கொண்டு, “ஐயோ, மேல ஏத்திட்டான்!” என்று கடைக்காரம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். ஓட்டுநர் மாட்டிக்கொண்டார். அரை நிமிடம் நின்றார். கழற்றினார்.

“படம் தெளிவாத்தான் இருக்கு,” என்றார். “அத்தானுக்கு இடது கண்ணு போயிடுச்சு,” என்று விளக்கவுரை கடைக்காரம்மாவிடம் கிசுகிசுத்தான்.

“அடடா, மன்னிச்சுக்குங்க அண்ணே,” என்றாள் கடைக்காரம்மா. “இதுல ஆழம் தெரியணும்னா ரெண்டு கண்ணும் வேணும்.”

கருவியை அவசரமாகப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு அவரைச் சாதாரணத் திரை ஒன்றின் முன் உட்கார வைத்தார்கள். கறுப்புச் சாலை, இரு பக்கமும் மரங்கள், தூரத்தில் ஒரு வளைவு. ஸ்டியரிங்கைப் பிடித்தார். பேருந்தை நகர்த்தினார். வளைவில் நின்ற இரண்டு கார்களுக்கு நடுவே நூல் கோர்க்கிற மாதிரி நுழைத்தார்.

“தட்டையா காகிதம் மாதிரி இருக்கே,” என்றாள் மாத்திரையக்கா மெதுவாக. “பாவம், உங்களுக்கு இப்ப எல்லாமே இப்படித்தான் தெரியுதா?”

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆறு மாதத்தில் முதன்முறையாக முகத்தில் வெளிச்சம். “இதுதாம்மா சரி. அச்சு அசலா ரோடு. எப்பவும் இப்படித்தானே இருக்கும்!”

‘எப்பவும்’ என்ற சொல் அவள் காதில் தங்கியது. மருந்தக ஜன்னலில் இருபது வருடம் நின்றவள் அவள். ஒரு கண் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். முதல் வருடம் முழுக்க அவர்கள் மருந்துப் பொட்டலத்துக்கு நாலு விரல் முன்னாலேயே காற்றைப் பிடிப்பார்கள். தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றுவார்கள். வீட்டில் இவர் ஒரு சொட்டும் சிந்தியதில்லை. சான்றிதழ் வந்த அன்றைக்கே, அழுதுகொண்டிருந்த அவளுக்கு டம்ளர் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கொடுத்தது இவர்தான்.

மேசையிலிருந்த ராம் என்னும் நினைவகச் சில்லின் பெட்டியை எடுத்தாள். சின்னப் பெட்டி. “இந்தாங்க,” என்று தூக்கிப் போட்டாள்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, ஈயைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் பிடித்திருக்கக் கூடாது என்று அவருக்கு உறைத்தது. திரையில் பேருந்து தானாகப் போய் ஒரு கம்பத்தில் முட்டி நின்றது.

“எப்பலேர்ந்து?” என்றாள்.

“என்னது?”

“கண்ணு.”

அவர் ராம் பெட்டியின் பின்புறத்தை ஆழ்ந்து படித்தார். அதில் படிக்க ஒன்றுமில்லை. “ஏழு வயசுல. பந்து பட்டுச்சு.”

விளக்கவுரை வாழ்க்கையில் முதன்முறையாக விளக்கம் இல்லாமல் நின்றான்.

“வருஷா வருஷம் கண் டெஸ்ட் பண்ணாங்களே?”

“எழுத்து அட்டை. முப்பது வருஷமா அதே அட்டை. கீழேர்ந்து மேலகூட ஒப்பிப்பேன். இந்த வருஷம்தான் தாடையை வைக்கிற மிஷின் வந்துச்சு. அது என்னை ஒண்ணுமே கேக்கல. பாத்துச்சு, எழுதிடுச்சு. ‘அண்மையில்’னு அவங்களே போட்டுக்கிட்டாங்க.”

“ஆறு மாசமா சொட்டு மருந்து விட்டேனே! மூணு வேளை!”

“குளுகுளுன்னு இருந்துச்சு,” என்றார் நன்றியோடு.

“விளையாடாதீங்க. அம்பது பேரு உக்காந்திருப்பாங்க வண்டில. குழந்தைங்க. நான் மாசமா இருந்தப்ப அதே வண்டிலதான் வேலைக்குப் போனேன். தெரிஞ்சுதானே ஓட்டினீங்க?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தினமும் தெரியும்மா.” குரல் இறங்கிவிட்டது. “ரெண்டு கண்ணு இருக்கறவன் கண்ணை நம்பி ஓட்டுவான். நான் நம்பாம ஓட்டினேன். முன்னாடி போற வண்டியோட டயர் ரோட்டைத் தொடுற இடம் தெரியுற வரைக்கும்தான் கிட்டப் போவேன். அதுக்கு மேல ஒரு அடி போனதில்ல. சந்தேகம் வந்தா பிரேக். ஒரு நாளைக்கு நூறு தடவை சந்தேகம் வரும்.”

“அதான் பதினொண்ணு எப்பவும் லேட்டு,” என்றான் விளக்கவுரை. அக்கா பார்த்த பார்வையில் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டான்.

அவர் செய்தது தவறு. அதில் இரண்டு பேச்சில்லை. அவரே அப்படித்தான் சொல்வார். ஒரு தவறை இவ்வளவு ஒழுங்காகச் செய்த மனிதர் வேறு யாரும் இருப்பார்களா என்பது தனிக் கேள்வி.

மாத்திரையக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். கடைக்காரம்மா தண்ணீர் கொடுத்தாள். பாதி குடித்ததும் அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. மீதியைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் நான் உங்க வண்டில வந்தேன். இடப்பக்க முதல் சீட்டு. தினமும்.”

“அப்படியா?” என்றார் அவர் உண்மையான ஆச்சரியத்தோடு.

“அந்த சீட்ல எந்தப் பொண்ணு உக்காந்தாலும் டிரைவருங்க ஓரக்கண்ணால பாப்பாங்க. நீங்க மட்டும் ஒரு தடவைகூடப் பாக்கல. ரெண்டு வருஷம்! இவ்வளவு கண்ணியமான மனுஷன் உலகத்துலயே இல்லன்னு நான்தான் எங்க சித்தப்பாகிட்ட அடம்பிடிச்சு உங்களைப் பாக்கச் சொன்னேன்.”

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். “எனக்கு ஓரக்கண்ணு ஒரு பக்கம்தான் இருந்துச்சு.”

இருபத்தாறு வருடக் குடும்பத்தின் அஸ்திவாரம் ஒரு குருட்டுக் கண்ணின் மேல் நின்றிருக்கிறது. அவளுக்கு அழுகை வருவதற்குப் பதில் சிரிப்பு வந்தது; அது அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது.

கடைக்காரம்மா திருப்புளியைக் கொண்டையிலிருந்து உருவிக் கேட்டாள். “அக்கா, எடுத்து வச்சதையெல்லாம் கட்டவா, திரும்ப அடுக்கவா?”

மாத்திரையக்கா கணவரைப் பார்த்தாள். அவர் இருளடைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. தீர்ப்புக்குக் காத்திருக்கிற கால்.

“கட்டுங்க,” என்றாள். “ஸ்டியரிங்கையும் சேர்த்து. இனிமே இடிச்சா கம்பம்தான் விழும், மனுஷன் விழ மாட்டான். ஆனா ஒண்ணு, சொட்டு மருந்து நின்னது நின்னதுதான்.”

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் வேலை நடந்தது. விளக்கவுரை கையேட்டைப் படித்தான், அவர் பூட்டினார். மதர்போர்டின் பொத்தானளவு திருகுகள் ஒன்றும் கைதவறவில்லை. பிராசஸரை அதன் இடத்தில் வைக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கார்டு உள்ளே போனது. அரை விரல் மிஞ்சியது. பவரைத் தட்டியதும் ஃபேன் சுழன்றது. அவர் குனிந்து காதை வைத்து, நிறுத்தத்தில் உறுமுகிற எஞ்சினைக் கேட்பதுபோலக் கேட்டு, “ஐடிலிங் நல்லா இருக்கு,” என்றார்.

முதல் பயணத்துக்கு மாத்திரையக்கா ஒரு நாற்காலியை இழுத்து வந்தாள். பழக்கத்தில் அவருடைய இடப்பக்கம் போட்டாள். பிறகு எடுத்து வலப்பக்கம் போட்டு, உட்கார்ந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அவர் வண்டியை எடுக்கும் முன் திரும்பிப் பார்த்தார்.

“பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க,” என்றாள்.

இடது கண்ணில் ஏழு வயதிலிருந்து பார்வையில்லாத அந்த ஓட்டுநர் பதினோராம் எண் பேருந்தை முப்பத்தோரு ஆண்டுகள் ஓட்டினார். ஒரு தடவை பின்னாலிருந்து ஒரு லாரி வந்து அவரை இடித்தது. லாரிக்காரருக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். பேருந்து ஓட்டுநர் யாரையும் இடிக்கவில்லை.